சேராத சம்மன்: அமெரிக்க சிவில் உரிமை வழக்குகளில் சார்வும் தள்ளுபடியும்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குமனுவைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. மனுவின் நகலும் நீதிமன்ற முத்திரை பதித்த சம்மனும் ஒவ்வொரு பிரதிவாதிக்கும் விதிப்படி கொண்டு சேர்க்கப்பட வேண்டும். இதற்குச் ‘சார்வு’ என்று பெயர். தாக்கலான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சார்வு நடக்காவிட்டால், அந்தப் பிரதிவாதியைப் பொறுத்தவரை வழக்கு தள்ளுபடியாகலாம். கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 4ஆம் விதியின் ‘எம்’ பிரிவு இதைச் சொல்கிறது. அப்படித் தள்ளுபடியாகும் வழக்கில், வாதிக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட அநீதி உண்மையா இல்லையா என்று எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை.

கடன் பாக்கி வழக்குக்கும் காப்புரிமை வழக்குக்கும் சிவில் உரிமை வழக்குக்கும் விதி ஒன்றுதான். ஆனால் போலீஸ் அடித்தது, வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்தது, சிறையில் சிகிச்சை மறுத்தது போன்ற குற்றச்சாட்டுகளோடு வரும் வழக்குகளில் அதன் சுமை பல மடங்கு கூடுகிறது. அங்கே பிரதிவாதி பல நேரம் முழுப் பெயர்கூடத் தெரியாத ஒரு சீருடைக்காரர். வாதியோ பெரும்பாலும் வக்கீல் இல்லாத ஏழை. அவரே சிறைக்குள் இருந்தால், வெளியே போய் ஒரு முகவரியை விசாரித்து வரவும் வழியில்லை.

சம்மனைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் காலத்துக்குக் காலம் வேறு வேறு விடை தந்திருக்கிறது. நெடுங்காலம் அது அரசு அலுவலரின் கடமையாக இருந்தது. 1983இல் அது வாதியின் தலைக்கு மாறியது. சார்வு இல்லாமல் சிவில் உரிமை வழக்குகள் தள்ளுபடியாகும் நிலை, அந்த மாற்றத்தோடுதான் பிணைந்திருக்கிறது.

சார்வு ஏன் வேண்டும்

பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் பிரதிவாதியை நீதிமன்றத்துக்கு வரவழைக்க ஷெரீப் அவரைக் கைது செய்தே கொண்டுவர முடியும். ஆளைப் பிடித்து நிறுத்தினால்தான் அவர்மீது நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்பது அக்காலக் கருத்து. காலப்போக்கில் கைதுக்குப் பதிலாகச் சம்மன் வந்தது. சம்மனைக் கையில் கொடுப்பதே ஆளைப் பிடித்ததற்குச் சமம் என்று ஆனது. அந்தக் கருத்தை அமெரிக்கக் குடியேற்றங்களும் எடுத்துக்கொண்டன.

சார்வுக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. ஒன்று, தன்மீது வழக்கு இருக்கிறது என்பதைப் பிரதிவாதிக்குத் தெரிவிப்பது. மற்றொன்று, அவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருவது. இரண்டும் எவ்வளவு முக்கியம் என்பதை 1878இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெனோயர் எதிர் நெஃப் வழக்கு காட்டியது. ஓரிகன் மாநிலத்தில் 300 டாலருக்கும் குறைவான வக்கீல் கட்டணப் பாக்கிக்காக நெஃப் என்பவர்மீது ஜான் மிட்செல் என்ற வக்கீல் வழக்குப் போட்டார். அவர் பின்னாளில் செனட்டர் ஆனவர். நெஃப் மாநிலத்தில் இல்லாததால் சம்மன் ஒரு கிறிஸ்தவ வார இதழில் விளம்பரமாக மட்டுமே வெளியானது. நெஃப் வரவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, அவர் நிலம் ஷெரீப் ஏலத்தில் போயிற்று. ஏலத்தின் வழியாக நிலத்தைப் பெற்ற பெனோயர்மீது நெஃப் வழக்குத் தொடுத்தார். மாநிலத்துக்குள் நேரில் சார்வாகாத ஒருவர்மேல் அப்படிப்பட்ட தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

1950இல் முல்லேன் வழக்கில் அதே நீதிமன்றம், தகவல் உண்மையிலேயே போய்ச் சேரக்கூடிய வழியில்தான் அறிவிப்பு இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை வகுத்தது. சார்வு விதிகளைக் கண்டிப்போடு பார்க்கும் வழக்கம் இப்படி நியாயமான அக்கறையிலிருந்து பிறந்தது. யாரையும் அவருக்குத் தெரியாமல் தண்டித்துவிடக் கூடாது என்பதே அதன் வேர்.

மார்ஷலின் கையில் சம்மன்

1789 செப்டம்பர் 24ஆம் தேதி நீதித்துறைச் சட்டம் கூட்டாட்சி நீதிமன்றங்களை அமைத்தபோது, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மார்ஷல் பதவியையும் உண்டாக்கியது. நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைகளையும் சம்மன்களையும் நிறைவேற்றுவது அவர் வேலை. சம்மனைக் கொண்டு சேர்ப்பது நீதிமன்றத்தின் வேலையில் ஒரு பகுதி என்பதில் அன்று யாருக்கும் ஐயமில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் இந்தக் கடமைக்குத் தனி அழுத்தம் கிடைத்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குச் சொத்து, ஒப்பந்தம், சாட்சியம் ஆகியவற்றில் வெள்ளையருக்குச் சமமான உரிமை தரும் 1866ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டம், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் மறுப்பாணையை மீறி ஏப்ரல் 9ஆம் தேதி நிறைவேறியது. தெற்கு மாநிலங்களில் உள்ளூர் அதிகாரிகள் இந்தச் சட்டத்தை மதிக்கமாட்டார்கள் என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தெரியும். ஆகவே இச்சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர்கள்மீது பிறக்கும் வாரண்டுகளை மார்ஷல்கள் கட்டாயம் நிறைவேற்ற வேண்டும் என்று அது விதித்தது. வாங்க மறுத்தாலோ முழு முயற்சி எடுக்காவிட்டாலோ மார்ஷலுக்கு 1,000 டாலர் அபராதம். அந்தத் தொகை பாதிக்கப்பட்டவருக்கே சேரும். மார்ஷல் போதாதபோது அந்த வேலைக்குத் தகுந்த வேறு ஆட்களை நியமிக்கவும் வழி செய்யப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் அமைப்பு, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க 1850இல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அடிமைக்கு எதிராக ஏவப்பட்ட அதே அரசு எந்திரத்தை, விடுதலை பெற்றவருக்காகத் திருப்பிவிட்டார்கள். நீதிமன்றக் காகிதம் போய்ச் சேராவிட்டால் உரிமை ஏட்டோடு நின்றுவிடும் என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது. அந்த அபராதப் பிரிவு இன்றும் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 42ஆம் தலைப்பில் 1990ஆம் பிரிவாக இருக்கிறது.

1871 ஏப்ரல் 20ஆம் தேதி ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்ட கூ கிளக்ஸ் கிளான் சட்டம் அடுத்த படி. மாநில அதிகாரத்தின் பேரில் ஒருவருடைய அரசியலமைப்பு உரிமையைப் பறித்தவர்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க அதன் முதல் பிரிவு வழிவிட்டது. இன்று வக்கீல்கள் ‘1983ஆம் பிரிவு’ என்று சொல்வது அதைத்தான். அந்த எண்ணுக்கும் ஆண்டுக்கும் தொடர்பில்லை. அது சட்டத் தொகுப்பில் அந்தப் பிரிவு பெற்ற எண்.

ஏழைகளுக்கான ஏற்பாடு 1892 ஜூலை 20ஆம் தேதிச் சட்டத்தில் வந்தது. கட்டணம் கட்ட வசதியில்லாத குடிமகன் அதை முன்கூட்டிச் செலுத்தாமலே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். நீதிமன்ற அலுவலர்களே எல்லாச் சம்மன்களையும் வழங்கிச் சார்வு செய்ய வேண்டும். நூறாண்டு கழித்தும் சிறைக் கைதிகளின் வழக்குகளைத் தாங்கி நிற்பது இந்த விதிதான்.

1938 செப்டம்பர் 16ஆம் தேதி கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் நடைமுறைக்கு வந்தன. வழக்கு தாக்கலானதும் நீதிமன்ற எழுத்தர் சம்மனைத் தயாரித்து, சார்வுக்காக மார்ஷலிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 4ஆம் விதி சொன்னது. மார்ஷல், அவருடைய துணை அலுவலர், அல்லது நீதிமன்றம் தனியே நியமித்தவர் அதைக் கொண்டு சேர்ப்பார். சார்வுக்குக் கெடு எதுவும் இல்லை. வழக்கைக் கவனிக்காமல் கிடப்பில் போட்டால் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்ற பொது அதிகாரம் மட்டும் இருந்தது. அந்த அதிகாரத்தை 1962இல் லிங்க் எதிர் வாபாஷ் ரயில்வே வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதே 1962இல் நடந்த ஒரு நிகழ்ச்சி மார்ஷலின் வேலை எத்தகையது என்பதைக் காட்டியது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவராக ஜேம்ஸ் மெரிடித்தைச் சேர்க்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி ஜாக்சன் நகரில் அரசு அலுவலகக் கட்டடத்தின் வாசலை ஆளுநர் ராஸ் பார்னெட் மறித்து நின்றார். தலைமை மார்ஷல் ஜேம்ஸ் மக்‌ஷேன் நீட்டிய நீதிமன்றக் காகிதங்களை அவர் கையில் வாங்கவில்லை. வாங்காதது அவரைக் காப்பாற்றவும் இல்லை. மூன்றே நாளில் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் இல்லாமலே விசாரித்து, நீதிமன்ற அவமதிப்பு செய்தவர் என்று தீர்ப்பளித்தது. ஆணையை மதிக்காவிட்டால் நாளொன்றுக்கு 10,000 டாலர் அபராதம் என்றும் எச்சரித்தது. ஒரு மாநில ஆளுநர் வழிமறித்தபோதும், காகிதத்தைக் கொண்டுபோய் நீட்ட அரசின் தலைமை மார்ஷல் அங்கே இருந்தார்.

வழக்குகள் பெருகுகின்றன

1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவு ஏறத்தாழ 90 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியது 1961இல் வந்த மன்ரோ எதிர் பேப் தீர்ப்பு. சிகாகோவில் 13 போலீஸ்காரர்கள் விடியற்காலையில் வாரண்ட் இல்லாமல் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து, கணவன் மனைவியை உடையில்லாமல் நிற்க வைத்து, வீட்டைப் புரட்டிப்போட்டார்கள் என்பது புகார். மாநிலச் சட்டத்தையே மீறி நடந்த போலீஸ்காரர்மீதும் 1983ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் சிகாகோ நகராட்சிமீது தொடுக்க முடியாது என்றது. 1964இல் கூப்பர் எதிர் பேட் தீர்ப்பு, இந்தக் கதவு சிறைக் கைதிகளுக்கும் திறந்திருப்பதைக் காட்டியது. மாநிலச் சிறைக் கைதிகளின் வழக்குகள் தனியாகக் கணக்கெடுக்கப்பட்ட முதல் ஆண்டான 1966இல் அவை 218. 1992இல் 26,824.

நகராட்சிகள்மீது வழக்குத் தொடுக்க 1978இல் மொனெல் தீர்ப்பு வழி திறந்தது. அதற்கும் நகராட்சியின் கொள்கையோ நிலைத்த வழக்கமோதான் தீங்குக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். மாநில அரசையே பிரதிவாதியாக்கி நட்டஈடு கேட்க முடியாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. இதன் நடைமுறை விளைவு பெரிது. அடித்தவர் யாரோ, மருந்து தர மறுத்தவர் யாரோ, அந்த மனிதரைப் பெயரோடு பிரதிவாதியாக்கி, அவருக்குத் தனியாகச் சம்மன் சார்வு செய்ய வேண்டியதாயிற்று.

பெயர் தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு பிவென்ஸ் வழக்கு ஒரு நல்ல விடை தந்தது. 1965 நவம்பரில் நியூயார்க்கில் கூட்டாட்சிப் போதைப்பொருள் துறை ஏஜெண்டுகள் வெப்ஸ்டர் பிவென்ஸின் வீட்டில் புகுந்து சோதனையிட்டு அவரைக் கைது செய்தார்கள். அவருக்கு ஒருவர் பெயரும் தெரியாது. வழக்கின் தலைப்பிலேயே ‘பெயர் தெரியாத ஆறு ஏஜெண்டுகள்’ என்றுதான் இருக்கிறது. அரசு வக்கீலின் ஆவணங்களைப் பார்த்து, அந்தக் கைதில் பங்குகொண்டவர்கள் யாரோ அவர்களுக்குச் சார்வு செய்யுமாறு மாவட்ட நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்து பேருக்குச் சார்வாயிற்று. அந்த ஆணை இல்லாமற் போயிருந்தால், கூட்டாட்சி அலுவலர்மீது நேரடியாக அரசியலமைப்பின் பேரில் நட்டஈடு கேட்கலாம் என்று 1971இல் பிறந்த புகழ்பெற்ற தீர்ப்பு பிறந்தே இருக்காது. பெயரைக் கண்டுபிடிக்கும் வசதி அரசிடம் இருந்தது. நீதிமன்றம் அரசையே அதைச் செய்ய வைத்தது.

1983ஆம் ஆண்டு மாற்றம்

தனியார் வழக்குகளின் சம்மன்களைச் சுமப்பது மார்ஷல் துறைக்கு நாளுக்கு நாள் பாரமாயிற்று. அதைக் குறைக்க 1982 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 4ஆம் விதிக்குத் திருத்தங்களைக் காங்கிரசுக்கு அனுப்பியது. பதிவுத் தபாலில் சார்வு செய்யலாம் என்பது அவற்றில் ஒன்று. ஒப்புகைச் சீட்டில் யார் கையெழுத்து என்பதே புரியாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும் என்ற அச்சம் எழவே, காங்கிரஸ் அந்தத் திருத்தங்களைத் தள்ளிவைத்துத் தானே ஒரு சட்டம் இயற்றியது. 1983 ஜனவரி 12ஆம் தேதி சட்டமாகி, பிப்ரவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

விதியின் முதல் வரியிலேயே மாற்றம் தெரிந்தது. முன்பு எழுத்தர் சம்மனை மார்ஷலிடம் கொடுத்தார். இனி அவர் அதை வாதியிடமோ வாதியின் வக்கீலிடமோ கொடுப்பார்; விரைவாகச் சார்வு செய்வது அவர்கள் பொறுப்பு. வழக்கில் தரப்பாக இல்லாத, 18 வயது நிரம்பிய யாரும் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாதாரணத் தபாலில் அனுப்பி, பிரதிவாதி ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டுத் திருப்பினால் அதுவும் செல்லும். ஏழையாக வழக்குத் தொடுக்க அனுமதி பெற்றவர்களுக்கும் கப்பல் தொழிலாளர்களுக்கும் மார்ஷல் சார்வு தொடர்ந்தது.

சார்வுக்குக் கெடு வந்ததும் அந்தச் சட்டத்தில்தான். தாக்கலான 120 நாட்களுக்குள் சார்வு ஆகாமல், அதற்குத் தக்க காரணமும் காட்டப்படாவிட்டால், வழக்கு தள்ளுபடி. பொறுப்பை வாதியிடம் கொடுத்ததால் அவர் அதைத் தள்ளிப்போடாமல் இருக்கக் கெடுவும் வேண்டும் என்பது அதன் தர்க்கம். வழக்கு இருப்பதே தெரியாமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டால் சாட்சிகளின் நினைவு மங்கும், ஆவணங்கள் தொலையும். அந்த வகையில் கெடுவுக்கு நியாயம் உண்டு. ஆனால் வக்கீல் வைத்து வழக்காடும் கம்பெனிக்கும் சிறைக்குள்ளிருந்து கையால் எழுதி வழக்காடும் கைதிக்கும் ஒரே கெடு என்பதில் உள்ள ஏற்றத்தாழ்வு அடுத்த சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது.

பாதகமில்லாத் தள்ளுபடி என்னும் பாதகம்

சார்வு ஆகாததற்காக வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஆணை, மறுபடி வழக்குத் தொடுக்கும் உரிமைக்குப் பாதகமில்லாமல் என்றே எழுதப்படும். வாதி புதிதாக மனுப்போட்டு, கட்டணம் கட்டி, மறுபடி தொடங்கலாம் என்று அதற்குப் பொருள். காலவரம்பு தாண்டாதவரை அது உண்மைதான்.

1983ஆம் பிரிவுக்கென்று தனிக் காலவரம்பைக் காங்கிரஸ் வகுக்கவில்லை. அந்தந்த மாநிலத்தில் உடற்காய நட்டஈட்டு வழக்குகளுக்கு உள்ள காலவரம்பையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1985இல் வில்சன் எதிர் கார்சியா தீர்ப்பு சொன்னது. அதன்படி நியூயார்க்கில் 3 ஆண்டு, கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் 2 ஆண்டு, டென்னசியிலும் கென்டக்கியிலும் ஒரே ஆண்டு. கூட்டாட்சிச் சட்டத்தின் பேரிலான வழக்கில் மனு தாக்கலான நாளே காலவரம்பை நிறுத்திவிடும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் வழக்கு தள்ளுபடியானால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்; அப்படியொரு மனு தாக்கலே ஆகவில்லை என்பது போலக் காலம் கணக்கிடப்படும். சில மாநிலங்களில் தள்ளுபடியான வழக்கை மறுபடி தொடுக்கச் சிறப்பு அவகாசம் தரும் சட்டங்கள் உண்டு. நியூயார்க்கின் அத்தகைய சட்டம், பிரதிவாதியின்மேல் நீதிமன்றம் அதிகாரம் பெறாததால் தள்ளுபடியான வழக்குகளை அந்தச் சலுகையிலிருந்து விலக்கிவிடுகிறது. சார்வு தவறியவருக்கு அங்கே அந்தக் கதவும் இல்லை.

காலவரம்பின் கடைசி நாட்களில் தாக்கலாகும் சிவில் உரிமை வழக்குகள் அதிகம். காயம் ஆற வேண்டும், குற்ற வழக்கு இருந்தால் அது முடிய வேண்டும், வக்கீல் கிடைக்க வேண்டும், சிறைக் கைதி என்றால் 1996ஆம் ஆண்டுச் சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டப்படி சிறைக்குள்ளேயே முறையிடும் எல்லாப் படிகளையும் முதலில் ஏறி இறங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு தாக்கலாகும் வழக்கு சார்வில்லாமல் தள்ளுபடியாகும்போது, ‘பாதகமில்லாமல்’ என்ற சொல் ஆணையில் இருந்தாலும் வழக்கு நிரந்தரமாக முடிந்துவிடுகிறது.

இந்தக் கடுமையை 1993 டிசம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் ஓரளவு தளர்த்தியது. கெடு விதி 4(எம்) என்ற இன்றைய இடத்துக்கு வந்தது அப்போதுதான். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் அவகாசம் நீட்டித்தே ஆக வேண்டும். காரணம் காட்டாவிட்டாலும், தள்ளுபடி செய்யாமல் இன்ன தேதிக்குள் சார்வு செய் என்று ஆணையிடலாம். மறுபடி தொடுத்தால் காலவரம்பு தடுக்கும் என்ற நிலையும், பிரதிவாதி சம்மனுக்குத் தப்பித் திரிவதும் அப்படி அவகாசம் தரத் தகுந்த சூழ்நிலைகள் என்று, விதிகளை வரையும் விதிக்குழுவின் குறிப்பு எடுத்துக்காட்டியது. 1996இல் ஹெண்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தத் தளர்வைச் சுட்டிக்காட்டியது.

அவகாசம் தருவது நீதிபதியின் விருப்புரிமை ஆனபின், முடிவு நீதிபதிக்கு நீதிபதி வேறுபட்டது. 2007இல் இரண்டாம் சர்க்யூட் தீர்த்த ஒரு வழக்கில் நியூயார்க் நகரத்துக்குச் சம்மன் சார்வானது கெடு முடிந்து நான்கே நாள் கழித்து. காலவரம்பு ஏற்கெனவே தாண்டிவிட்டது. வாதியின் வக்கீல் கெடுவுக்குள் முயற்சி எடுக்கவில்லை, அவகாசமும் கேட்கவில்லை, ஏற்கத்தக்க காரணமும் சொல்லவில்லை என்று கூறி, தள்ளுபடி சரியே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. தவறு வக்கீலுடையது, வழக்கை இழந்தவர் வாதி. நான்காம் சர்க்யூட்டில் நிலை இன்னும் கடுமை. தக்க காரணம் இல்லாமல் அவகாசமே தர முடியாது என்ற 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழலில் அங்குள்ள மாவட்ட நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் குழம்பின. 2022இல்தான், காரணம் இல்லாவிட்டாலும் அவகாசம் தரும் அதிகாரம் உண்டு என்று அந்த நீதிமன்றம் ஐயமின்றிச் சொன்னது.

கைதியும் மார்ஷலின் படிவமும்

ஏழை என்று அனுமதி பெற்ற கைதிக்கு மார்ஷல் சம்மனைக் கொண்டு சேர்ப்பார். அதற்குக் கைதி, பிரதிவாதி ஒருவருக்கு ஒன்று வீதம் ‘யுஎஸ்எம்-285’ என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பிரதிவாதியின் பெயர், கதவு எண்ணோடு முகவரி ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. சார்வை விரைவுபடுத்த உதவும் விவரங்களுக்கு ஒரு பெரிய கட்டமும் உண்டு. அலுவலக முகவரி, மாற்று முகவரி, எல்லாத் தொலைபேசி எண்கள், ஆள் இருக்கக்கூடிய நேரம் ஆகியவற்றை அதில் எழுதச் சொல்கிறது படிவம். தன்னை அடித்ததாகத் தான் குற்றம் சாட்டும் காவலரின் தொலைபேசி எண்ணையும் அவர் இருக்கக்கூடிய நேரத்தையும் எழுதும்படி, அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும் கைதியிடம் கேட்கப்படுகிறது. அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் சட்டைப் பையின் மேலுள்ள பட்டையில் படித்த குடும்பப் பெயர் மட்டும். பாதுகாப்புக் காரணத்தால் சிறை நிர்வாகம் காவலர் முகவரியை எந்தக் கைதிக்கும் சொல்லாது. காவலர் வேலையை விட்டோ மாற்றலாகியோ போயிருந்தால் படிவம் சார்வாகாமல் திரும்பும். பிறகு, வழக்கை ஏன் தள்ளுபடி செய்யக் கூடாது என்று காரணம் கேட்டு நீதிமன்றத்திலிருந்து ஆணை வரும்.

இந்த நிலையில் யார் பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1987 முதல் ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கின. கைதி மார்ஷலை நம்பியிருக்கலாம், ஆனால் சார்வில் குறை இருப்பது தெரிந்தும் வாய்மூடிச் சும்மா இருக்கக் கூடாது என்றது ஐந்தாம் சர்க்யூட். தேவையான விவரத்தைக் கைதி கொடுத்துவிட்டால், மார்ஷலோ எழுத்தரோ செய்த தவறுக்காக அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்றது 1990இல் ஒன்பதாம் சர்க்யூட். அதே ஆண்டு ஏழாம் சர்க்யூட் இன்னும் தெளிவாகப் பேசியது. கைதி முகவரி தர வேண்டியதில்லை. ஆள் யார் என்று அடையாளம் காட்டினால் போதும். வேலையை விட்டுப்போன காவலரின் இன்றைய முகவரியைக் கண்டுபிடிக்க மார்ஷலால் முடியும், அதைக் கைதிக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் முடியும். பதினோராம் சர்க்யூட் 2010இல் இதே நிலைப்பாட்டை எடுத்தது. நியாயமான முயற்சியில் கண்டுபிடிக்கக்கூடிய காவலருக்குச் சார்வாகவில்லை என்றால், அதுவே கைதிக்குத் தக்க காரணம் ஆகும்.

ஆளையே அடையாளம் காட்ட முடியாதவருக்கு இந்தத் தீர்ப்புகள் உதவவில்லை. போதிய விவரம் தராத கைதியின் வழக்கில் தள்ளுபடியை ஒன்பதாம் சர்க்யூட் 1994இல் உறுதி செய்தது. மாறாக, வக்கீல் இல்லாத வாதிக்குப் போலீஸ்காரரை அடையாளம் காண மாவட்ட நீதிமன்றமே உதவ வேண்டும் என்று இரண்டாம் சர்க்யூட் 1997இல் தீர்த்தது. அதன்பின் நியூயார்க் நீதிமன்றங்களில் நகர நிர்வாகத்தின் வக்கீலிடம் காவலரின் பெயரையும் எண்ணையும் கேட்டு ஆணையிடுவது வழக்கமாயிற்று. பிவென்ஸ் வழக்கில் கைக்கொண்ட முறைதான் இது. ஆனாலும் காலவரம்பு தாண்டியபின் ‘பெயர் தெரியாத அதிகாரி’ என்ற இடத்தில் உண்மைப் பெயரைச் சேர்த்தால், பெரும்பாலான சர்க்யூட்டுகள் அதை ஏற்பதில்லை. பெயரைத் தவறாக எழுதுவது பிழை, தெரியாமலிருப்பது பிழை ஆகாது என்பது அவற்றின் வாதம்.

1996ஆம் ஆண்டுச் சட்டம், கைதியின் மனுவைச் சம்மன் அனுப்புவதற்கு முன்பே நீதிபதி ஆராய்ந்து, சாரமில்லாதவற்றை நீக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்த ஆய்வுக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தையும் கெடுவில் சேர்த்தால் வாதி ஒரு தவறும் செய்யாமலே வழக்கை இழப்பார் என்பதால், ஆய்வு முடியும்வரை கெடு ஓடாது என்று மூன்றாம், நான்காம் சர்க்யூட்டுகள் தீர்த்தன.

எந்தக் கதவில் கொடுப்பது

முகவரி கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. போலீஸ்காரர்மீது தனிப்பட்ட முறையில் வழக்கு என்றால், சம்மனை அவர் கையில் கொடுக்க வேண்டும், அல்லது அவர் வீட்டில் வசிக்கும் விவரம் தெரிந்த வயதுடைய ஒருவரிடம் விட்டுவர வேண்டும். ஸ்டேஷன் முன்மேசையில் வைத்துவிட்டு வந்தால் கூட்டாட்சி விதிப்படி செல்லாது. நகராட்சிமீது என்றால் அதன் தலைமை நிர்வாகியிடம் சேர்க்க வேண்டும். கூட்டாட்சி அலுவலர்மீது என்றால் அவருக்கு ஒன்று, மாவட்ட அரசு வக்கீலுக்கு ஒன்று, வாஷிங்டனில் உள்ள அட்டர்னி ஜெனரலுக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. மூன்றில் ஒன்று தவறினாலும் சார்வில் குறை உண்டு. இவை தவிர, மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வழிகளிலும் சார்வு செய்யலாம் என்பதால், மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறும்.

சார்வுக்குப் பதில் விலக்கு கேட்கும் முறை 1993இல் வந்தது. வாதி தபாலில் அனுப்பும் விலக்குப் படிவத்தில் பிரதிவாதி கையெழுத்திட்டால் தனிச் சார்வு வேண்டாம். பதிலுரைக்கு அவருக்கு 60 நாள் கிடைக்கும். தக்க காரணமின்றி மறுத்தால் சார்வுச் செலவு அவர் தலையில். தனிப்பட்ட காவலருக்கு இது பொருந்தும். மாநில அரசு, நகராட்சி, கூட்டாட்சி அரசு ஆகியவற்றுக்குப் பொருந்தாது. சார்வில் குறை என்ற ஆட்சேபத்தைப் பிரதிவாதி முதல் வாய்ப்பிலேயே எழுப்ப வேண்டும். தவறினால் பிறகு எழுப்ப முடியாது.

90 நாள்

2015 டிசம்பர் 1 முதல் கெடு 120 நாளிலிருந்து 90 நாளாகச் சுருங்கியது. வழக்குகளின் தொடக்கக் கட்டத்தை விரைவுபடுத்துவது நோக்கம். முதலில் முன்வைக்கப்பட்ட வரைவு 60 நாள் என்றே இருந்தது. கெடு குறைவதால் அவகாச நீட்டிப்பு அடிக்கடி தேவைப்படும் என்பதை விதிக்குழுவே தன் குறிப்பில் ஒப்புக்கொண்டது. அதற்கு அது சொன்ன எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஏழை வாதிக்காக மார்ஷல் சார்வு செய்ய வேண்டிய வழக்கு.

சில நீதிமன்றங்கள் தாமாகவே சுமையைக் குறைத்திருக்கின்றன. கலிபோர்னியாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றம் கைதிகள் வழக்குகளில் மாநிலச் சிறைத்துறைக்கு மின்னணு முறையில் அறிவிப்பு அனுப்பி, எந்தெந்தக் காவலர் சார்பில் விலக்குப் படிவம் தரப்படும் என்று அதையே சொல்ல வைக்கிறது. எஞ்சியவர்களுக்கு மட்டும் மார்ஷல் போவார். ஆளைத் தேடும் வேலை, ஆளைப் பற்றிய பதிவேடு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே போகிறது.

இந்த நீண்ட வரலாற்றில் தெளிவாகும் பாடம் அதுதான். 1866இல் அபராதத்தோடு மார்ஷலைக் கட்டாயப்படுத்திய சட்டமும், 1892இல் ஏழைக்காக நீதிமன்ற அலுவலரைச் சார்வு செய்யச் சொன்ன சட்டமும், பிவென்ஸ் வழக்கில் மாவட்ட நீதிமன்றம் இட்ட ஆணையும், 1987இல் தொடங்கிய மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் ஒரே விடையைத் தருகின்றன. அரசு அலுவலர்மீதான வழக்கில் அந்த அலுவலர் யார், எங்கே இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும். அவருக்குத் தகவல் சேர வேண்டும் என்ற நியாயமான விதியைக் காப்பாற்றவும், வாதியின் உரிமையைக் காப்பாற்றவும், அந்த விவரத்தை நீதிமன்றம் அரசிடம் கேட்டுப் பெற்றால் போதும். அப்படிக் கேட்கும் நீதிமன்றத்தில் சிவில் உரிமை வழக்கு அதன் தகுதியைக் கொண்டு தீர்க்கப்படுகிறது. கேளாத நீதிமன்றத்தில் அது ஒரு முகவரிக்காக முடிந்துபோகிறது.